கத்தி மேல் விழுந்த பழி

என் கையெழுத்தைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். சின்ன ர எங்கே போட வேண்டும், பெரிய ற எங்கே போட வேண்டும் என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம் உண்டு. அதோடு என் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கின்றன. நடுவிரல் பாதி வழி போய்விட்டது. பேனாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் செருகிக்கொண்டு எழுதுகிறேன். மடங்கிய விரல்களின் கணு தாளில் உரசிக்கொண்டே வருவதால், மேல் வரியில் எழுதியதைக் கீழ் வரி எழுதும்போது நானே கலைத்துவிடுகிறேன். புரியாத இடத்தைத் தாண்டிப் படியுங்கள். விஷயம் விட்டுப்போகாது.

இந்த விரல்கள் மடங்கியதற்கு எங்கள் ஊரில் ஒரு கதை இருக்கிறது. என் மனைவியின் அண்ணன் கத்தியைக் கொடுத்து என் கையைக் கெடுத்துவிட்டார் என்பது அந்தக் கதை. அவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அந்தக் கதையை நானும் நம்பினேன், என் மனைவியும் நம்பினாள், மச்சானும் நம்பினார். அதனால் எங்கள் வீட்டில் விழுந்த அடியும் உதையும் கொஞ்சம் இல்லை.

எங்களுக்குக் கரும்பு வெட்டும் வேலை. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, மலை தெரிகிற பக்கம் எங்கள் ஊர். மச்சான்தான் வெட்டாட்களுக்கு மேஸ்திரி. ஆள் பெரிய உருவம். நன்றாக வெட்டினாய் என்று பாராட்டுவதற்கும் முதுகில் ஓங்கி அறைவார். நானும் என் மனைவியும் ஜோடியாக வெட்டுவோம். நான் அடியில் வெட்டிச் சாய்க்க, அவள் நுனியைக் கழித்து, சோகை இலையை உரித்துக் கட்டுப் போடுவாள். கரும்புத் தோட்டத்துக்குள் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அது அமைதியான இடம் இல்லை. சோகை முகத்தை அறுக்கும். எலி ஓடும், எலிக்குப் பின்னால் பாம்பு ஓடும், பாம்புக்குப் பின்னால் நாலு பேர் கத்தியோடு ஓடுவார்கள்.

எனக்கு முதலில் இழுப்பு, அதாவது வலிப்பு, வந்தது அப்படி ஒரு தோட்டத்தில்தான். கல்யாணமாகி இரண்டாம் வருடம். வெயில் ஏறிய நேரம். கத்தியை ஓங்கியது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னது.

எங்கள் பக்கம் யாருக்காவது இழுப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒருவன் விழுந்தால் உடனே நாலு பேர் சாவிக்கொத்தை நீட்டுவார்கள். ஆனால் கரும்பு வெட்டப் போகிறவர்கள் யாரும் சாவி கொண்டு போவதில்லை. வீட்டைச் சும்மா சாத்திவிட்டு வருகிறவர்கள்தான் எல்லோரும். "இரும்பு குடு, இரும்பு குடு" என்று கத்தியிருக்கிறார்கள். அந்த இடத்தில் இருந்த ஒரே இரும்பு கத்தி. மச்சான் தன் கத்தியை என் வலது கையில் திணித்தார். பிடிப் பக்கத்தைத்தான் கொடுத்தேன் என்று அவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். ஆனால் இழுக்கிற கைக்குப் பிடி எது, வாய் எது என்று தெரியாது. உடம்பு புரண்டபோது கத்தியும் கைக்குள் புரண்டது. கூர்ப் பக்கத்தை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கையைத் திறக்க யாராலும் முடியவில்லையாம். இரண்டு பேர் விரல்களைப் பிரிக்க, ஒருவன் கரும்புத் துண்டை நடுவில் விட்டு நெம்பியிருக்கிறான். எனக்கு நினைவு வந்தபோது வாய் நிறைய மண். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது. கையைச் சுற்றி யாருடைய துண்டோ, சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி என் மனைவி ஒரு முழுக் கரும்பை எடுத்து மச்சானை அடித்துக்கொண்டிருந்தாள். கரும்பு பிளந்து சாறு தெறிக்கிற வரை அடித்தாள். அவர் தடுக்கவில்லை. "பிடியத்தான்மா குடுத்தேன், பிடியத்தான்மா குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

டவுன் ஆஸ்பத்திரியில் உள்ளங்கைக்குக் குறுக்கே தையல் போட்டார்கள். இழுப்புக்கு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சோறு தின்னாவிட்டாலும் இதைத் தின்ன வேண்டும், ஒரு நாளும் விடக் கூடாது என்று சொன்னார்கள். நான் விடவில்லை. அதன் பிறகு வருடக்கணக்கில் எனக்கு இழுப்பே வரவில்லை. எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் மாத்திரை அட்டை இருக்கும்.

தையல் பிரித்தபின் கை நன்றாகத்தான் இருந்தது. பல வருடம் அந்தக் கையால் வெட்டினேன். பிறகு மோதிரவிரலுக்கு நேர் கீழே உள்ளங்கையில் ஒரு முண்டு வந்தது. முண்டிலிருந்து விரல் வரைக்கும் தோலுக்கு அடியில் ஒரு கயிறு இழுத்துக் கட்டின மாதிரி ஆனது. விரல் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது. பக்கத்து விரலும் கூடப் போனது. கத்தியைப் பிடித்தால் பிடிக்குள் விரல் சுற்றாமல் நடுவில் முட்டிக்கொண்டு நின்றது. வீச்சில் கத்தி நழுவிப் பறந்து, ஒரு தடவை என் மனைவியின் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்திக்கொண்டது.

"கத்தி வெட்டின நரம்பு இப்பத்தான் இழுக்குது" என்றார்கள் ஊரில். யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. தழும்பு அங்கேயே இருந்தது. மாத்திரை வாங்க மாதாமாதம் ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் போய் வந்தேன், ஆனால் கையை அங்கே யாரிடமும் காட்டவில்லை. மாத்திரை தலைக்கு, கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்தேன். கையை லுங்கி மடிப்புக்குள் வைத்துக்கொண்டே வரிசையில் நிற்பேன்.

கெட்டது என் கை. பழி மச்சானுக்கு. சோற்றுக் கவளம் என் விரலிடுக்கில் ஒழுகித் தட்டில் விழும்போதெல்லாம் என் மனைவி, "பாவி, கூடப் பொறந்தவன் பண்ணின வேல" என்பாள். அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சொல்வாள். அவர் தலை நிமிராமல் தின்பார்.

ஒரு நாள் அப்படிச் சொன்னபோது அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாசலில் விறகு பிளக்கும் கட்டை கிடந்தது. அதன் மேல் தன் வலது கையை விரித்து வைத்தார். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார்.

"வெட்டு. சமமாப் பூடும். அப்பறம் என்ன நிம்மதியா துன்ன வுடு."

அவள் கத்தியை வாங்கினாள். நான் எழுந்திருப்பதற்குள் ஓங்கிவிட்டாள். அவர் கையை இழுக்கவில்லை, கண்ணையும் மூடவில்லை. கத்தி அவர் சுண்டுவிரலை உரசிக்கொண்டு கட்டையில் இறங்கியது. பாதி அலகு உள்ளே போய்விட்டது. அவள் அதைப் பிடுங்கப் பார்த்தாள், வரவில்லை. அவரும் பிடுங்கினார். இரண்டு பேரும் ஒரே பிடியைப் பிடித்து இழுத்து, கட்டையோடு தூக்கிவிட்டார்கள். பிறகு அவள் உள்ளே போய் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவர் உட்கார்ந்து மிச்சத்தைத் தின்றார்.

வெளியில் அவர் இப்படிப் பொறுமையாக இருக்க மாட்டார். ரோட்டு ஓரம் பாய் ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். கரும்பு லாரிகள் அங்கேதான் நிற்கும். உளுந்தூர்பேட்டைக்கார டிரைவர் ஒருவன், வாய்க்காரன், என் கையில் டீ கிளாஸ் ஆடுவதைப் பார்த்துவிட்டு மச்சானிடம் கேட்டான்.

"இன்னா மேஸ்திரி, ஊர்ல மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவாங்க. நீ மோதர வெரலையே மடக்கி வுட்டுட்டியாமே?"

மச்சான் கையிலிருந்த சுடு டீயை கிளாஸோடு அவன் வாயில் அறைந்தார். கிளாஸ் உடைந்தது, பல்லும் உடைந்தது. அவன் லாரிக்கு ஓடி ஜாக்கிக் கம்பியை எடுத்து வந்து மச்சானின் புருவத்தைப் பிளந்தான். பெஞ்சு கவிழ்ந்தது, பிஸ்கட் பாட்டில் உருண்டது. பாய் அடுப்பை விட்டு நகரவில்லை.

"டேய், வெட்டிக்கினு சாவறதா இருந்தா அப்பால போய் சாவுங்கடா, பால் பொங்குது!" என்று கத்தினார்.

மச்சான் ஒரு கண்ணை ரத்தம் மறைக்க, இன்னொரு கண்ணால் டிரைவரைத் தேடி, அவன் தலையை லாரிச் சக்கரத்தில் மூன்று தடவை மோதினார். நான் என் கிளாஸை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எனக்குக் கூட்டத்தில் வாய் வராது. என்னால்தான் இது என்று மட்டும் தோன்றியது.

அடுத்த பருவத்தில் தோளும் போனது. கரும்புக் கட்டைத் தோளில் வைத்துப் பலகை மேல் ஏறி லாரியில் போட வேண்டும். பாதிப் பலகையில் வலது கை மேலே வர மாட்டேன் என்றது. யாரோ உள்ளே ஆணி அடித்த மாதிரி. கட்டு சரிந்து, நானும் சரிந்து, கட்டு என் மேல் விழுந்தது. சட்டையைக் கழற்ற ஆள் வேண்டியிருந்தது. சுமை தூக்கினதால் வந்தது என்றார்கள். வெட்டவும் முடியவில்லை, ஏற்றவும் முடியவில்லை. ஒரு வெட்டாளுக்குப் பிறகு என்ன மிச்சம் இருக்கிறது?

மச்சானால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "ஒரு வழி கீது மாப்ள, கௌம்பு" என்றார். கல்வராயன் மலை மேல், வெள்ளிமலையைத் தாண்டி, எலும்பு கட்டுகிற ஒருவர் இருந்தார். மடங்கினதை நிமிர்த்திவிடுவார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மச்சானும் நானும் என் மனைவியும் பஸ் ஏறினோம். மலைச் சுற்றுப் பாதையில் பஸ் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் மச்சான் என் மடங்கிய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்திருந்தார், அது கீழே விழுந்துவிடும் என்பது போல.

வைத்தியர் கையைப் பார்த்தார். தினமும் எண்ணெய் விட்டு இழுக்க வேண்டும், மூங்கில் பத்தை வைத்துக் கட்ட வேண்டும், பத்தியம் இருக்க வேண்டும் என்றார். புளி ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, இங்கிலீஷ் மருந்து ஆகவே ஆகாது.

"மாத்திரை..." என்றேன்.

"இத்தினி வருசமா இழுப்பே வர்லியே மாப்ள. கொஞ்ச நாளுதான. கையி வந்துட்டா அப்பறம் கிலோ கணக்குல துன்னு" என்றார் மச்சான். என் மனைவி மாத்திரை அட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "அவரு கேட்டாலும் குடுக்காத" என்று அவளிடம் சொல்லி வைத்தார். அவளும் சரி என்றாள். எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் கை வேண்டும்.

இழுப்பதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். காலையில் சூடான எண்ணெயை ஊற்றுவார்கள். மச்சான் என் முழங்கைமேல் முட்டி போட்டு உட்கார்ந்துகொள்வார். வைத்தியர் மோதிரவிரலைத் துணியால் சுற்றிப் பிடித்து, காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுப்பார். ஈரக் கயிறு இழை இழையாக அறுகிற மாதிரி உள்ளே சத்தம் கேட்கும். இரண்டாம் நாள் விரல் மடிப்பில் தோல் கிழிந்து, எண்ணெயும் ரத்தமும் கலந்து மச்சானின் வேட்டியில் வழிந்தது. நான் போட்ட சத்தத்தில் மரவள்ளிக் காட்டில் வேலை செய்தவர்கள் வேலி ஓரம் வந்து நின்றார்கள். மச்சானும் அழுதுகொண்டுதான் என்னை அமுக்கிப் பிடித்திருந்தார். "தாங்கிக்க மாப்ள, தாங்கிக்க" என்று சொல்லச் சொல்ல அவர் மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் என் முகத்தில் சொட்டியது. கட்டை அவிழ்த்தால் விரல் பழையபடி போய் ஒட்டிக்கொள்ளும்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, வைத்தியர் வீட்டு வாசலில் பலா அறுத்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் ஒரு சுளை இருந்தது. அதோடு எனக்கு நினைவு இல்லை.

என் மனைவி சொன்னதை எழுதுகிறேன். முதல் இழுப்பு நின்று நான் மூச்சு வாங்குவதற்குள் இரண்டாவது வந்தது. தலை கல்லில் மோதி மோதிக் காது கிழிந்தது. வைத்தியரின் மனைவி ஓடி வந்து, வழக்கப்படி, என் கையில் கொடுக்க அரிவாளை நீட்டினார். மச்சான் அதைப் பார்த்தார். ஒரு கத்துக் கத்தி அரிவாளைப் பிடுங்கி எறிந்தார். அது கூரை ஓலையைக் கிழித்துக்கொண்டு போய் மரவள்ளிக் காட்டில் விழுந்தது.

"இரும்பு எடுத்துக்கினு எவனாவது கிட்ட வந்தீங்க, கொன்னுடுவன்! எவனா இருந்தாலும் கொன்னுடுவன்!"

அந்த அம்மா பயந்து பின்னால் விழுந்துவிட்டார். மச்சான் என் கைக்குள் தன் கையைக் கொடுத்தார். என் நாக்கு கடிபடாமலிருக்க இன்னொரு கையின் விரலை என் வாய்க்குள் கொடுத்தார். நான் கடித்தேன். பல் இறங்கிக்கொண்டே போனது என்றாள் மனைவி. "வெள்ளையா எலும்பு தெரிஞ்சுது. அப்பவும் அண்ணன் எடுக்கல." அவள் இடுப்பிலிருந்து அட்டையை உருவி, அந்த விரலுக்குப் பக்கத்தில் மாத்திரையைத் திணிக்கப் பார்த்தாள். மாத்திரை ரத்த நுரையோடு வெளியே வந்தது.

மரவள்ளி மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் கீழே போக நின்றிருந்தது. டிரைவர் யோசித்தான். மச்சான் மூட்டைகளை உருட்டித் தள்ளிவிட்டு என்னைப் போட்டார். மலை இறங்குகிற வளைவுகளில் மறுபடி மறுபடி இழுப்பு வந்தது. நான் உருண்டு கதவில் அடிபடாமலிருக்க மச்சான் தன் உடம்பைக் கொடுத்து மறித்துக்கொண்டே வந்தார். அவர் விலாவில் என் முட்டி பட்ட இடமெல்லாம் பிறகு கறுத்துப்போனது.

எனக்குக் கண் திறந்தபோது ஆஸ்பத்திரி. மச்சானின் விரலில் பெரிய கட்டு. ஒரு டாக்டரம்மா, சின்ன வயது, என் கட்டில் பக்கத்தில் நின்று அவரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகும். இழுப்பு வந்தால் வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது, கையில் எதையும் கொடுக்கக் கூடாது, அமுக்கிப் பிடிக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணி வைத்தால் போதும். மச்சான் பள்ளிக்கூடத்துப் பையனைப் போலத் தலை குனிந்து நின்றார்.

பிறகு டாக்டரம்மா என் கையைப் பார்த்தார். நான் வழக்கம்போல் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் விடவில்லை. வலது கையைப் பார்த்தவர், இடது கையைக் காட்டுங்கள் என்றார். தோளைத் தூக்கச் சொன்னார். பாதத்தைத் திருப்பி அமுக்கினார். அங்கேயும் முண்டு இருந்தது. வெட்டின கரும்பின் அடிக்கட்டை குத்தினது என்று நான் நினைத்திருந்தேன்.

"இந்த வெள்ளை மாத்திரை எத்தனை வருஷமா சாப்பிடுறீங்க?"

சொன்னேன்.

அவர் என் உள்ளங்கையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "கத்தி பட்ட தழும்பு குறுக்கே போகுது. இந்த முண்டும் கயிறும் நெடுக்கே போகுது, பாருங்க. இது வெட்டினதால வந்தது இல்லீங்க. தோலுக்கு அடியில, மூட்டைச் சுத்தி, எல்லாத்தையும் பிடிச்சுக் கட்டி வச்சிருக்கிற நார் இருக்கு. பினோபார்பிட்டோன்னு சொல்ற இந்த மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுறவங்கள்ல சிலருக்கு அந்த நார் தடிச்சுச் சுருங்கிடும். கை, தோள், பாதம் எல்லாத்துலயும் வந்திருக்கிறதால எனக்கு மாத்திரை மேலதான் சந்தேகம்."

எனக்கு உடனே புரிந்தது. நாங்கள் கரும்புக் கட்டைச் சோகையை முறுக்கித்தான் கட்டுவோம். பச்சையில் தளர்வாக இருக்கும். காயக் காய இறுகி, கரும்பையே நெரிக்கும்.

"அதுக்காக மாத்திரையைத் திட்டாதீங்க. இத்தனை வருஷம் உங்களை உயிரோட வச்சிருந்தது அதுதான். வேற மாத்திரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தலாம். தோள் இளகும். மடங்கின விரல் தானா நிமிராது, ஆபரேஷன் பண்ணிப் பார்க்கணும்."

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் முகம் மாறவில்லை. கை கூப்பினார்.

"நீங்க நல்லவங்கம்மா. என்மேல பரிதாபப்பட்டு சொல்றீங்க. வெட்டினது நான். தழும்பு பொய்யா?"

டாக்டரம்மா போன பிறகும் அதையேதான் சொன்னார். என் மனைவி கட்டிலின் அந்தப் பக்கம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மச்சானின் கட்டுப் போடாத கையைப் பிடித்து, அவர் கட்டைவிரலை என் இடது உள்ளங்கையில் வைத்தேன்.

"அமுக்கு."

"இன்னா?"

"அமுக்கிப் பாரு மச்சான்."

அமுக்கினார். "காய்ப்பு."

"காய்ப்பு தோலு மேல இருக்கும். இது உள்ள கீது. இந்தக் கையில நீ எப்ப கத்தி வெச்ச?"

அவர் மறுபடி அமுக்கினார். எனக்கு வலிக்கிற அளவுக்கு அமுக்கினார். வலது கையை எடுத்து அதையும் அமுக்கிப் பார்த்தார். இரண்டும் ஒரே முண்டு, ஒரே இடம். பிறகு தங்கையைப் பார்த்து, "நீயும் அமுக்கு" என்றார். அவள் அமுக்கினாள். அவள் முகம் கோணிக்கொண்டு போனது.

அவர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் வார்டின் இரும்புக் கதவில் நெற்றியால் மோதினார். மறுபடி மோதினார். பழைய புருவத் தழும்பு திறந்து ரத்தம் கொட்டியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். வாட்ச்மேன் பின்னாலிருந்து பிடித்து இழுத்தும் அசையவில்லை. என் மனைவி ஓடிப்போய் அவர் நெற்றிக்கும் கதவுக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள். அடுத்த மோதல் அவள் கை மேல் விழுந்தது.

"போதும்ணா. ஏண்ணா. போதும்ணா."

அதற்குப் பிறகு அவர் தலை அங்கேயே அவள் கையில் கிடந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு வேறு ஒரு பாடு ஆரம்பித்தது. ஊரில் ஒவ்வொருவனையும் என் இடது கையை அமுக்க வைப்பது என்று மச்சான் முடிவு செய்துவிட்டார். என்னைத் தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு போனார். எனக்கு நாலு பேர் நடுவில் நிற்பதே ஆகாது. "அமுக்குடா. நல்லா அமுக்கு. இன்னா கீது? இதுல எவன்டா கத்தி வெச்சான்?" யோசித்தவனின் சட்டையைப் பிடித்தார். கொஞ்சமாக அமுக்கினவனின் கட்டைவிரலை அவரே பிடித்து அழுத்தினார். வெட்டாட்கள் எல்லோரும் அமுக்கினார்கள், ஆடு வாங்க வந்தவர் கூட அமுக்கினார். உள்ளங்கை கன்றிச் சிவந்தது. அவர் பட்டதற்கு இது பெரிதில்லை என்று நினைத்தேன்.

டீக்கடை பாய் மட்டும் கையைத் துணியில் துடைத்துவிட்டு மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். "ஆமாம்யா, உள்ள உருண்டையா ஓடுது. பாவம், வுடுய்யா, கை புண்ணாப் போவுது" என்றார்.

அப்போதுதான் உளுந்தூர்பேட்டை டிரைவரின் லாரி வந்தது. மச்சான் நடு ரோட்டில் போய் நின்று அதை மறித்தார். கதவைத் திறந்து அவனைச் சட்டையோடு பிடுங்கிக் கீழே போட்டார். இன்றைக்கு ஒரு கொலை விழும் என்று நினைத்தேன். பாய் இந்தத் தடவை பாலை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

மச்சான் என் கையை இழுத்து அவன் முகத்துக்கு நேரே விரித்தார். "அமுக்குடா."

அவன் அமுக்கினான்.

"இன்னா கீது?"

"ஏதோ முண்டு கீது."

"எவன் கத்தி வெச்சான்?"

"எனுக்கு எப்பிடிபா தெரியும்?"

"எவனும் வெக்கல. மாத்திரை பண்ணின வேல. டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சொல்லு!"

"எவனும் வெக்கலபா. வுடு." அவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். கட்டின பல் தெரிய என் வலது கையைப் பார்த்தான், இடது கையைப் பார்த்தான். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான்.

"அப்போ இந்தக் கையும் மடங்கிடுமா?"

மச்சான் வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். என் இடது கை இன்னும் அவர் பிடியில் விரிந்து கிடந்தது. அதை அவர் அன்றைக்குத்தான் பார்த்த மாதிரி பார்த்தார். இத்தனை நாளும் அந்த முண்டு அவருக்குத் தன் மேல் பழி இல்லை என்பதற்குச் சாட்சி. அது என்னிடம் மிச்சமிருக்கிற கை என்பது அவருக்கு அதுவரை தோன்றவில்லை.

டிரைவரை விட்டுவிட்டார். வீட்டு வாசலில் என் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்திப் பார்த்தார். நான்கும் நிமிர்ந்தன.

"இது நிக்குமா மாப்ள?"

"மாத்திரை மாத்தினா இதோட நிக்கலாம்னாங்க. நிக்காமலும் போவலாம்."

இப்போது புது மாத்திரையைக் கூட்டி, பழையதைக் குறைத்துக்கொண்டு வருகிறோம். எந்த நேரம் இழுப்பு வருமோ என்ற பயம் இருக்கிறது. தோள் கொஞ்சம் இளகியிருக்கிறது. இடது கையில் முண்டு வளர்ந்ததா என்று நான் பார்ப்பதில்லை.

நேற்று தீபாவளி. இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட வீட்டில் கூட்டம். சென்னையில் வேலை பார்க்கிற என் மனைவியின் சித்தப்பா ரொம்ப நாள் கழித்து வந்திருந்தார். நான் இட்லியைப் பிட்டு எடுக்கப் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மச்சானிடம் கேட்டார்.

"இன்னாடா, இவருக்கு இரும்பு குடுக்கறேன்னு கத்தியக் குடுத்தியே, அந்தக் கை தான இது?"

என் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். மச்சான் பாதி எழுந்தார். எனக்குத் தெரியும், அடுத்தது "அமுக்குங்க சித்தப்பா" தான். நான் எச்சில் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு இடது கையை நீட்டத் தயாரானேன். அவர் என் இடது கையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"ஆமா சித்தப்பா, நான்தான்" என்று சொல்லிவிட்டு எலும்பைக் கடித்தார்.

சித்தப்பாவுக்கு எதிரில் எனக்கு வாய் வரவில்லை. அதனால் இன்றைக்குக் காலையில் உட்கார்ந்து எழுதிவிட்டேன். வெளியே மழை, கரும்பு வெட்டு இன்னும் தொடங்கவில்லை. என் கையைக் கெடுத்தது மச்சான் இல்லை. யாருக்காவது சந்தேகம் இருந்தால் இதைப் படிக்கட்டும், என் கையை அமுக்க வேண்டாம்.

ஐப்பசி 4, செவ்வாய்க்கிழமை.